சாப்பாட்டு நெல்லை முதலில் எடுத்து வையுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டு மாலையில் கணக்கியல் படிக்கிறேன். அப்பா கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிறார். என் கட்டணத்துக்காக அறுத்த நெல் முழுவதையும் உடனே விற்றுவிடுகிறார். மார்கழியில் வீட்டுக்கு அரிசி கடனில் வந்ததாகத் தங்கை சொன்னாள். என் ஆசைதான் அவர்கள் சோற்றைக் குறைக்கிறதா? படிப்பை விட்டுவிடட்டுமா?

வாசகன், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

படிப்பை விட வேண்டாம்.

மழைக்காலத்தில் விதைக்கும் பெரும்போக நெல்லின் அறுவடை மாசி, பங்குனியில் ஊர் முழுவதும் ஒன்றாக முடிகிறது. உரக்கடன் வாசலில் நிற்கும். காயவைக்க இடமும் நேரமும் இல்லாமல் ஈரத்தோடு விற்கிறார்கள். நெல் வாங்கும் அரசு நிறுவனமான நெல் சந்தைப்படுத்தல் சபையின் முழு விலை, ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் காய்ந்த நெல்லுக்குத்தான். ஈர நெல்லுக்கு வயலுக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. விளைவித்த குடும்பமே அடுத்த அறுவடைக்கு முன் கடையில் கூடிய விலைக்கு அரிசி வாங்குகிறது. பிள்ளைகள் படிக்காத வீடுகளிலும் இதே கதிதான்.

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022இல் நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றித் தவிப்பதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அதற்கு எந்தப் பிள்ளையின் ஆசை காரணம்?

ஆசை குடும்பத்தைத் தாங்கவும் செய்யும். எத்தியோப்பியாவில் ஏழை விவசாயிகளுக்கு, தங்களைப் போன்றவர்கள் முன்னேறிய கதைகளை ஆய்வாளர்கள் படமாகக் காட்டினார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வீடுகளில் சேமிப்பு கூடியிருந்தது. பிள்ளைகளுக்கான படிப்புச் செலவும் கூடியிருந்தது. 'என் ஆசை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவுக்கும் அது ஆசையாக இருக்கலாம். அவரிடம் கேட்டீர்களா?

ஆனால் அந்த ஆசைக்கான பணம் சோற்றுப் பானையிலிருந்து வரக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. ஓர் ஆளுக்கு வருடத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். குத்தினால் நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும் என்பதால், ஆளுக்கு 170 கிலோ நெல் என்று வையுங்கள். வீட்டில் மூவர் என்றால் அரை டன். விதைநெல்லோடு அதையும் காயவைத்து மூட்டை கட்டிய பிறகே வியாபாரியின் லொறி வளவுக்குள் வரட்டும். அதனால் கட்டணத்தில் துண்டு விழும். அதை உங்கள் சம்பளத்தில் மாதத் தவணையாகக் கட்ட முடியுமா என்று படிக்கும் இடத்தில் இப்போதே கேளுங்கள்.

மாசியில் கடையில் லீவு எடுத்து அறுவடைக்குப் போங்கள். அப்பா தனியாக இருந்தால் வியாபாரியிடம் மறுத்துப் பேச மாட்டார். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா