டான் லஃபான்டைன்: குரலும் தாளும் – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஜவுளிக்கடை, ஓட்டல் திறப்பு விழா, கும்பாபிஷேகம் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஓடவிடும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் எட்டு வருடமாக என் தொழில். போன மாதம் ஹாலிவுட் டிரெய்லர்களுக்குக் குரல் கொடுத்த டான் லஃபான்டைன் பற்றிச் சொல்லும்போது “அவர் அடிப்படையில் எழுத்துக்காரர்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தத் தொண்டை கடவுள் கொடுத்தது. டிரெய்லரைத் தொடங்க அவர் சொல்லும் ‘இன் எ வேர்ல்ட்’ என்ற மூன்று சொல்லை வேறு யார் சொல்லியிருந்தாலும் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா? என் குரலும் கனமான குரல்தான், கேட்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நான் இன்னும் ஆட்டோவைத் தாண்டவில்லை. அப்படியானால் என்னிடம் இல்லாதது என்ன?

ம.

அன்புள்ள ம.,

நல்ல கேள்வி. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லைதான்.

குரல் அவருக்கு வாய்த்தது என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரத்தில் 1940இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில் குரல் உடைந்து அந்தக் கனம் வந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். சரி, அந்தக் குரலை வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருடம் என்ன செய்தார்? பள்ளி முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தார், அங்கே ராணுவ இசைக்குழுவுக்கும் பாடகர் குழுவுக்கும் ஒலிப்பதிவாளர். மற்றவர்கள் வாசிப்பார்கள், பாடுவார்கள், இவர் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் நியூயார்க்கில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதே வேலை. அங்கேதான் ஃபிளாய்ட் பீட்டர்சன் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்துக்கு வானொலி விளம்பரங்கள் செய்கிறார். அது பிடித்துப்போய், இருவரும் சினிமா விளம்பரத்தையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்கிறார்கள். எழுதுவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் இவர்கள். குரல் மட்டும் வேறு யாராவது வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பிறகுதான் ‘கன்ஃபைட்டர்ஸ் ஆஃப் காசா கிராண்டே’ வருகிறது, அறுபதுகளின் நடுவில் வந்த ஒரு துப்பாக்கிச் சண்டைப் படம். அதன் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் வரவில்லை. படக் கம்பெனிக்கு எதையாவது போட்டுக் காட்டியாக வேண்டும். வேறு வழியில்லாமல் இவரே மைக் முன்னால் போய் நின்று படித்தார். கம்பெனி அதையே வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கையில் இருந்த தாள் அவரும் பீட்டர்சனும் எழுதிய தாள். எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுக்க வேண்டும், எந்தச் சொல்லை அழுத்தினால் பின்னால் வரும் இசை அதை ஏந்திக்கொள்ளும், எங்கே வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியைப் பேசவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் எழுத்துக்காரர் என்று சொன்னது இதைத்தான்.

இது எனக்கு ஒருமுறை பட்டுத் தெரிந்த விஷயம். பல வருடங்களுக்கு முன் நெசவாளர்களைப் பற்றிய ஒரு சின்ன ஆவணப்படத்துக்கு உரை எழுதிக் கொடுத்தேன். குரல் கொடுக்க வந்தவருக்கு அருமையான குரல். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தினார். மறுபடி படித்தார், அதே இடத்தில் மூச்சு தீர்ந்தது. நான்காவது முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாளைத் தூக்கிக் காட்டி, “சார், இதுல வினைமுற்று எங்க இருக்கு?” என்றார். பதினெட்டுச் சொல் தாண்டி இருந்தது. பேனாவை வாங்கி அந்த வாக்கியத்தை மூன்றாக உடைத்தேன். அடுத்த நிமிடம் அதே குரல் வேறு குரலாகிவிட்டது.

இப்போது அந்த மூன்று சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஓர் உலகத்தில்’ என்று முதலில் இடத்தை வைத்துவிட்டு, அந்த உலகம் எப்படிப்பட்டது என்பதைப் பின்னால் அவிழ்க்கலாம். கேட்பவர் அந்த இடைவெளியில் காத்திருப்பார். பார்ப்பவர்களை இரண்டு மூன்று நொடிக்குள் வேறொரு இடத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும், அதற்காகத்தான் அந்தத் தொடக்கம் என்று லஃபான்டைனும் விளக்கியிருக்கிறார். தமிழில் அதை அப்படியே மொழிபெயர்த்தால் ‘சட்டம் செத்துப்போன ஓர் உலகத்தில்’ என்று ஆகிவிடுகிறது, சொல்ல வேண்டியது முன்னாலேயே தீர்ந்து உலகம் கடைசியில் வந்து நிற்கிறது. எவ்வளவு பெரிய குரலாலும் அதைத் தூக்க முடியாது. ஆனால் நம் பாட்டிகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். “ஒரு ஊர்ல...” அவ்வளவுதான். இடம் முதலில், அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் ராஜாவோ நரியோ யாரோ ஒருவர். கதை கேட்கிற குழந்தை அந்த நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த முதல் பதிவுக்குப் பிறகு லஃபான்டைன் வாழ்க்கை முழுக்க உழைப்புதான். 1978இல் பாரமவுண்ட் என்ற படக் கம்பெனியின் டிரெய்லர் பிரிவுக்குத் தலைவராகப் போனார், பிறகு அந்தக் கம்பெனியிலேயே துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். 1981இல் அந்த வேலையை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்த் தனியாகக் குரல் கொடுக்கத் தொடங்கினார். ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு ஓட ஓட்டுநரோடு ஒரு பெரிய கார் வைத்திருந்தார், வண்டி நிறுத்த இடம் தேடுகிற நேரம்கூட மிச்சம். பிற்காலத்தில் வீட்டிலேயே கூடம் அமைத்து, தொலைபேசி இணைப்பு வழியாக அனுப்பினார். வாரத்துக்கு அறுபது விளம்பரம் வரை, ஒரே நாளில் முப்பத்தைந்து செய்ததும் உண்டு. மொத்த டிரெய்லர்கள் 5000க்கு மேல். இவ்வளவுக்கும் தெருவில் அவரைப் பார்த்தால் பெரும்பாலோருக்கு அடையாளம் தெரிந்திருக்காது, 2006இல் ஒரு காப்பீட்டு விளம்பரத்தில் அவரே தோன்றும்வரை. யாராவது கேட்டால், நேரம் இருந்தால், அவர்கள் வீட்டுத் தொலைபேசியின் பதில் கருவிக்குக்கூடக் குரல் பதிந்து கொடுப்பாராம். எனக்கு அவரை அதனாலேயே ரொம்பப் பிடிக்கும். 2008 செப்டம்பர் 1 அன்று 68 வயதில் போய்ச் சேர்ந்தார். இன்றைய டிரெய்லர்களில் கதைசொல்லும் குரலே அபூர்வம். கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்து போகின்றன, வசனத் துண்டுகள் கேட்கின்றன. எனக்கு இது வருத்தம்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேலை அவர் வேலையைவிட ஒரு விதத்தில் கடினம். அவருடைய ஆட்கள் இருட்டில், நாற்காலியில், வேறெங்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் ஆள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார், ஆட்டோ அவரைக் கடக்கப் பத்து நொடி ஆகுமா? அவர் காதில் விழுவது விளம்பரத்தின் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, நடுவில் ஏதோ ஒரு துண்டு. எந்தத் துண்டு விழுந்தாலும் அதில் கடைப் பெயரும் தெருப் பெயரும் இருந்தாக வேண்டும். உங்களுக்குத் தாள் எழுதிக் கொடுப்பது யார்? கடை முதலாளியா, நோட்டீஸ் அடிக்கிற அச்சகக்காரரா? எட்டு வருடத்தில் ஒருமுறையாவது அதைத் திருப்பிக் கொடுத்து “இதை நானே எழுதுகிறேன்” என்று கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் குரலைப் பற்றி இருக்கிறது, தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசியாக நீங்கள் பேசிய விளம்பரத்தின் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடித்தல் திருத்தலோடு அப்படியே. ஒலிப்பதிவை அப்புறம் கேட்கிறேன்.