பாரிமுனைப் பக்கம் ஒரு சிங்கிள் ரூம்: வாடகைக் கேள்விகள்

பவளக்காரத் தெருவில் பழைய வீட்டு மாடியில் ஒரு ரூம், சின்ன கிச்சன், பாத்ரூம். ‘ஸ்டூடியோ’ என்கிறார் புரோக்கர். கூரையில் வரிசையாக மரக்கட்டைகள். பார்க்க அழகு, படுக்கப் பயம். போகலாமா?

ஸ்டூடியோவாவது ஒன்றாவது, நம்ம ஊர் சிங்கிள் ரூம்தான். பெயரை மாற்றியதற்கு இரண்டாயிரம் ஏற்றியிருப்பார்கள், பேசிக் குறையுங்கள்.

அந்தக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளைப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். நல்ல நிலையில் இருந்தால் சித்திரை வெயிலிலும் ரூம் குளுகுளுவென்று இருக்கும். கெட ஆரம்பிப்பது பெரும்பாலும் கட்டை சுவருக்குள் நுழைகிற முனையில். ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் வரும். ஸ்டூல் போட்டு ஏறி, வண்டிச் சாவியால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள். ‘டக்’கென்றால் சரி. சாவி உள்ளே இறங்கினால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். முனையில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும் சந்தேகப்படலாம்.

மொட்டை மாடிக்கும் போங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? 1000 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அது உங்கள் படுக்கைக்கு நேர் மேலேயா? ஐப்பசி, கார்த்திகையில் வீடு தேடுவது ஒருவகையில் அதிர்ஷ்டம். சுவர் பொய் சொல்லாது.

பைக் நிறுத்த இடமில்லை என்கிறார்கள்...

இருக்காது. மண்ணடியில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, பைக்கை ஊரில் விட்டுவிட்டு வாருங்கள்.

ராயபுரத்தில் நாலு லட்சம் லீஸ், மாத வாடகை கிடையாது. லாபம்தானே?

வட சென்னையில் லீஸ் சகஜம். ஆனால் உங்கள் பணம் பெரும்பாலும் அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் திரும்பும். பழைய வண்ணாரப்பேட்டையில் நான் கொடுத்த பணத்தை வாங்க ஒன்றரை வருஷம் நடந்தேன். அந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் காபி கொடுத்தார், பணம் மட்டும் கொடுக்கவில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) போட்டுப் பாருங்கள். அதோடு நிற்காமல், மூலப்பத்திரத்தையும் கண்ணால் பாருங்கள். ‘பேங்கில் இருக்கிறது’ என்றால் வீடு கடனில் இருக்கிறது என்று அர்த்தம். லீஸ் தருபவரே குடித்தனக்காரராகவும் இருக்கலாம். உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடச் சட்டம் இடம் தரவில்லை. பணம் பேங்க் வழியாகவே போகட்டும், லீஸ் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மூன்று மாதம்தான் என்று சட்டமாமே?

2017-இல் வந்து, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். கையெழுத்துப் போட்டபிறகு சட்டம் பேசிப் பலனில்லை. காலி செய்யும்போது ‘பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்று பிடிப்பார்களே, அதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள். பிடித்தம் போக மீதி அட்வான்ஸை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஏழுகிணறு பக்கம் ரூம் கிடைத்திருக்கிறது. தண்ணீர் எப்படி?

1772 வாக்கில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே தண்ணீர் கொடுத்த இடம். அந்தப் பெருமையை வைத்து நீங்கள் குளிக்க முடியாது. போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், உப்புக் கரித்தால் சமையலுக்கு ஆகாது. மெட்ரோ வாட்டர் சம்ப்பில் விழுகிறதா, மோட்டார் யார் கையில், மாடிக்கு ஏறுகிறதா என்று கேளுங்கள். சப்-மீட்டர் இருந்தால் யூனிட் என்ன விலை என்பதையும். 100 யூனிட் இலவசம் ஒரு இணைப்புக்குத்தான், அது பெரும்பாலும் வீட்டுக்காரர் கணக்கில் போய்விடும்.

புரோக்கர் இல்லாமல் ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தனியாகப் போய் நில்லுங்கள். கைப்பம்பு பக்கத்தில் குடம் வைத்துக் காத்திருக்கும் அக்காக்களிடம் கேட்டால், தண்ணீர் மட்டுமில்லை, வீட்டுக்காரரின் குணமும் தெரிந்துவிடும்.