உண்ணி கடித்தால் மாத்திரை வேண்டாம், தேதியைக் குறித்து வையுங்கள்

கேள்வி: ஆறு வயது மகனின் காதுக்குப் பின்னால், ரத்தம் குடித்து ஊதிய உண்ணி ஒன்று ஒட்டியிருந்தது. நெயில் பாலிஷ் தடவிப் பிய்த்து எடுத்தோம். ஐந்து நாள் ஆகிறது. பையன் நன்றாகத்தான் விளையாடுகிறான். ஆனால் கடித்த இடம் சிவந்து தடித்திருக்கிறது. உண்ணியின் தலை உள்ளேயே தங்கிவிட்டதோ என்று சந்தேகம். எங்கள் நாயின் மேலும் அதே மாதிரி பழுப்பு உண்ணிகள் உள்ளன. லைம் நோயைப் பற்றி இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நாய்க்குக் கொடுத்த டாக்சிசைக்ளின் மாத்திரையில் பாதி அட்டை மீதி இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக அதைப் பையனுக்குக் கொடுக்கலாமா? நாயை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடலாமா?

மருத்துவர் பதில்:

நாயின் மாத்திரையைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். நாயின் எடைக்கும் நாயின் நோய்க்கும் கணக்கிட்டுத் தந்த மாத்திரை அது. உண்ணி பரப்பும் ரிக்கெட்சியா வகைக் காய்ச்சல்களை முன்கூட்டியே மாத்திரை போட்டுத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அரைகுறையாகக் கொடுத்தால், வரவேண்டிய காய்ச்சல் சில நாள் தள்ளி வந்து எல்லாரையும் குழப்பும். கடித்தவுடன் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் கொடுப்பது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது லைம் நோய்க்கு மட்டும் உரியது; அந்த நோய் பரவலாக உள்ள பகுதியில், குறிப்பிட்ட இன உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள், மருத்துவர் பார்த்துத் தருவது.

உங்கள் பையனுக்கு அந்தப் பேச்சே எழவில்லை. லைம் நோய்க் கிருமியைப் பரப்புவது இக்சோடிஸ் இனத்து உண்ணிகள். நாயின் உடலிலும் சுவர் இடுக்கிலும் பெருகுகிற பழுப்பு நாய் உண்ணி அதைப் பரப்புவதில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் 1970-களில் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியதைத் துருவிப் பார்த்ததில் வெளிப்பட்ட நோய் அது. அந்த ஊர்க்காரர்கள் பயப்பட்டு எழுதியதையெல்லாம் நடு இரவில் படித்துவிட்டு, உலகத்து உண்ணிகள் அத்தனையும் லைம் நோயைச் சுமப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சிவந்த தடிப்பு, உண்ணியின் எச்சிலுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு. அரிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். உள்ளே தங்கியிருப்பது தலை அல்ல, வாய்ப்பகுதியின் ஒரு துணுக்கு. தோல் தானாகவே அதை வெளியே தள்ளிவிடும். ஊசியை வைத்துக் குடைந்தால்தான் சீழ் பிடிக்கும்.

கடிதம் முழுக்க நான் படித்தது ஒரே பயத்தைத்தான்: ஏதோ ஒன்று பிள்ளைக்குள் போய்விட்டது, நாம் கவனிக்காமல் விட்டுவிடப்போகிறோமோ என்பது. அந்தப் பயத்துக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. கடித்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து மூன்று வாரம் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: காய்ச்சல். இந்தக் கெடுவுக்குள் காய்ச்சல் வந்தால், அது சளியாகத் தெரிந்தாலும் வெயிலில் ஆடியதால் வந்ததாகத் தெரிந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போனதும், அவர் கேட்காவிட்டாலும், "இத்தனாம் தேதி உண்ணி கடித்தது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால்தான் பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். முதல் நாள் பாரசிட்டமால் கொடுக்கிறார்கள். காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறுகிறது. இரண்டாம் நாள் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் வெளியே வருகிறது. ரிக்கெட்சியா என்பது நம் ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகும் பாக்டீரியா; அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் அதை ஒன்றும் செய்யாது. மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் இன்னும் இரண்டு நாள் ஓடுகிறது. நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, உடனே டெங்கு என்று பேச்சு கிளம்புகிறது. இதற்குள் உள்சுவர் சேதமான ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கும். நுரையீரல், மூளை, சிறுநீரகம் எல்லாம் அந்தக் கசிவில் பாதிக்கப்படும். ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் என்ற கடுமையான வகையில், ஐந்தாம் நாளைத் தாண்டி டாக்சிசைக்ளின் தொடங்கியவர்களிடையே இறப்பு வெகுவாகக் கூடுகிறது. அதே மருந்தைச் சந்தேகம் வந்தவுடனே தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும்.

அதனால்தான் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் பரிசோதனை முதல் வாரத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கவே அத்தனை நாள் ஆகும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நான் மறுபடியும் பார்த்திருக்கிறேன், இந்த முறை தூக்கி வந்தார்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல் கறைபடும் என்று யாராவது தடுத்தால், அது பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளிலிருந்து ஒட்டிக்கொண்ட அச்சம். ரிக்கெட்சியா என்ற சந்தேகத்தில் மருத்துவர் தரும் குறுகிய கால டாக்சிசைக்ளின் எந்த வயதிலும் முதல் மருந்து. முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். பாதி அட்டை அல்ல.

காய்ச்சல் வந்தால் பிள்ளையின் உடைகளைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். நீங்கள் தேடுவது ஒரு கருத்த பொருக்கு. சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லவும் மாட்டான். தலைமுடிக்குள், அக்குளில், தொடை இடுக்கில், உள்ளாடையின் எலாஸ்டிக் அழுத்தும் இடத்தில் ஒளிந்திருக்கும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். புதர்ப் பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலிலும் இதே பொருக்குத்தான். அது நாயிடமிருந்து வருவதில்லை, ஆனால் அதற்கும் டாக்சிசைக்ளின்தான் மருந்து. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மணிக்கட்டிலும் சிவப்புப் புள்ளிகள் காய்ச்சல் வந்து இரண்டு, நான்கு நாள் கழித்துத்தான் எழும். கருத்த தோலில் சரியாகத் தெரியாது; சிலருக்கு வரவே வராது. "புள்ளி வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காய்ச்சலே இல்லாமல் பிள்ளை திடீரென்று தள்ளாடி நடந்தால், கால் துவண்டால், தலைமுடிக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். சில உண்ணிகளின் எச்சிலில் உள்ள நஞ்சு காலிலிருந்து மேலே ஏறும் தசைச் செயலிழப்பை உண்டாக்கும். அரிதுதான். உண்ணியை எடுத்துவிட்டு, மூச்சைக் கண்காணிக்க மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் உண்ணியை எடுத்ததுமே பிள்ளை தேறத் தொடங்குவான்.

அடுத்த முறை நெயில் பாலிஷ், வாசலின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். மருந்து பூசி மூச்சடைக்க வைத்தால் உண்ணி தானாக விடும் என்பது தவறு. அது நிதானமாக மூச்சு விடும் பூச்சி, மணிக்கணக்கில் தாங்கும். அந்த நேரமெல்லாம் கடித்துக்கொண்டேதான் இருக்கும். முனை கூர்மையான இடுக்கியால், ஊதிய வயிற்றைத் தொடாமல், தோலோடு ஒட்டிய வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேர் மேலே சீராக இழுங்கள். தோல் கூடாரம் மாதிரி எழும்பும், ஒரு சில விநாடி அப்படியே தாங்கினால் விட்டுவிடும். விரலால் நசுக்காதீர்கள், அதன் உடல் திரவங்களில் கிருமி இருக்கலாம். ஒட்டும் டேப்பில் ஒட்டி மடித்து, தேதி எழுதி வையுங்கள். கடித்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

நாயை அனுப்ப வேண்டியதில்லை. நாயைத் தொடுவதால் இந்த நோய்கள் யாருக்கும் வராது. நாய் போன பிறகும் உண்ணி வீட்டிலேயே இருக்கும். பசித்தால் உங்களைத்தான் தேடும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலையிலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி உணவில்லாமல் பல மாதம் தாங்கும். ஒரு முறை குளிப்பாட்டி மருந்து போட்டுவிட்டு "மறுபடி வந்துவிட்டது" என்பவர்களுக்கு, அது மறுபடி வரவில்லை, போகவே இல்லை. கால்நடை மருத்துவர் தரும் மாத்திரையையோ சொட்டு மருந்தையோ அவர் சொன்ன இடைவெளியில் பல மாதம் விடாமல் கொடுங்கள். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மாத்திரைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். நாய் படுக்கும் துணியைச் சூடான நீரில் துவைத்து, சூடாகவே உலர்த்துங்கள். இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். தினமும் ஒரு முறை நாயின் காதுமடல் உள்ளே, கால்விரல்களுக்கு நடுவே, கழுத்துப் பட்டைக்கு அடியே விரலால் தடவிப் பாருங்கள்.

அந்த டாக்சிசைக்ளின் ஏன் மீந்தது? உண்ணியால் வரும் எர்லிக்கியா நோய்க்கு நாய்க்கு வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். நாய் எழுந்து சாப்பிடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டீர்கள் என்றால், கிருமி உடலில் மறைந்திருந்து பிறகு எலும்பு மஜ்ஜையையே முடக்கலாம். சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்று திரும்பி வரும். நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

பூனைக்கு அந்த மருந்தைப் போடவே கூடாது. நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்க்குப் போட்டு ஈரம் காயாத இடத்தைப் பூனை நக்கினாலோ உரசிப் படுத்தாலோகூட நடுக்கமும் வலிப்பும் வரும், இறந்தும் போகலாம். இதற்குள் போட்டிருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தால் இளஞ்சூட்டு நீரில் உடனே கழுவி, ஈரம் துடைத்து, கம்பளியில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருந்தின் அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.