பிளாஸ்டிக் ஸ்கேலில் வானவில்: பின்னணி ஏன் கறுக்கவில்லை?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, பிளாஸ்டிக் ஸ்கேலுக்குள் வானவில் நிறங்கள் தெரியும் படம் எடுக்கப் பார்க்கிறேன். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, கேமரா கடையில் வாங்கிய சிபிஎல் (வட்டப் போலரைசர்) ஃபில்டரை மொபைல் முன்னால் பிடித்தேன். எவ்வளவு சுழற்றினாலும் பின்னணி கறுக்கவே இல்லை, லேசாக நிறம்தான் மாறுகிறது. இன்னும் நல்ல ஃபில்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃபில்டரை அப்படியே திருப்பிப் பிடியுங்கள்.

சிபிஎல் ஃபில்டருக்குள் இரண்டு அடுக்குகள் உண்டு. முன்பக்கம் இருப்பது, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசர். பின்பக்கம், அதாவது லென்ஸில் திருகும் மரை உள்ள பக்கம், அந்த ஒளியை வட்டமாகச் சுழலவிடும் ஒரு தகடு. எல்சிடி திரையிலிருந்து வருவது ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிரும் ஒளிதான். அது முதலில் போலரைசரில் பட்டால்தான், சுழற்றும்போது ஏதோ ஓரிடத்தில் அடியோடு தடைபடும். ஆகவே மரை மொபைல் பக்கம் இருக்கட்டும். தியேட்டரில் தரும் வட்டப் போலரைசர் 3டி கண்ணாடியில் அடுக்குகளின் வரிசை நேர்மாறு. அதில் கண்ணை ஒட்டும் பக்கம்தான் திரையைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்கேல் இல்லாமலே திரையைக் கறுப்பாக்குங்கள். அப்புறம் ஸ்கேலைத் திரைக்கும் ஃபில்டருக்கும் நடுவில் நீட்டி, மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் நிறம் செத்துவிடும். அங்கிருந்து 45 டிகிரி திருப்பினால் பளிச்சென்று வரும்.

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்திக் குளிரவிடும்போது தகைவு, அதாவது உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கும் விசை, உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்தில் ஒளி இரு கூறாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகிறது. ஒன்று எவ்வளவு பின்தங்குகிறது என்பதைப் பொறுத்து, சில நிறங்கள் போலரைசரைத் தாண்டும், சில மாட்டும். ஸ்கேலைத் தொங்கவிடும் ஓட்டையைச் சுற்றி உற்றுப் பாருங்கள்: இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி, நெருக்கமான வரிகளாக இருக்கும். வரி நெருங்க நெருங்க, தகைவு அங்கே வேகமாக மாறுகிறது என்று அர்த்தம்.

இது வெறும் அழகுக்கான வித்தை இல்லை. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் பிரூஸ்டர் 1810களிலேயே கண்ணாடியை அழுத்தி இதைக் கண்டார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ராபர்ட் மார்க், கோதிக் பாணியில் கட்டிய இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளை வைத்து, எந்தத் தூணில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று ஆராய்ந்தார். சென்னை ஐஐடியில் பேராசிரியர் கே. ரமேஷ் இந்த வரிகளைக் கணினி வழியே அளக்கும் துறையில் நெடுங்காலம் உழைத்தவர். கண்காட்சிப் பலகையில் இதையும் எழுதுங்கள், நடுவர்கள் கேட்பார்கள்.

படம் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்ச அளவை லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் மொபைல் கறுப்பைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் வெளிறடித்துவிடும். ஸ்கேல் திரையை ஒட்டி இருந்தால் பிக்சல் புள்ளிகள் படத்தில் விழும், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். அக்ரிலிக் ஸ்கேல் பெரும்பாலும் மங்கலாகத்தான் காட்டும். பழைய சிடி டப்பா கிடைத்தால் விடாதீர்கள், அதன் மூடி ஸ்கேலை விட நன்றாக வரும்.