கைப்பிடியை விட்டால்தான் உங்கள் வேகம் தெரியும்: டிரெட்மில் கேள்வி-பதில்

எனக்கு வயது 52, எடை 65 கிலோ. தினமும் 40 நிமிடம் டிரெட்மில்லில் 6 கி.மீ. வேகத்தில் நடக்கிறேன். 300 கலோரி செலவானதாகத் திரை காட்டுகிறது. ஐந்து மாதமாகியும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. தோளும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். எங்கே தவறு?
— வாசகி, மதுரை

தோளும் மணிக்கட்டும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. வெறுமனே நடப்பவருக்கு மணிக்கட்டு வலிக்கக் காரணமில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்து நடப்பவருக்குத்தான் வலிக்கும். பெல்ட் 6 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. உங்கள் பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் கம்பியின் மேல் இறக்கிவிடுகின்றன. காலுக்கு வேலை குறைந்துபோகிறது.

இது திரைக்குத் தெரியாது. வேகம், சாய்வு, நேரம் மூன்றையும் வைத்து அது ஒரு கணக்குப் போடுகிறது. எடையைப் பதியாவிட்டால் தனக்குள் முன்பே வைத்திருக்கும் ஓர் எடையை எடுத்துக்கொள்கிறது. உடற்பயிற்சித் துறையில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, 65 கிலோ உள்ளவர் கையை வீசிச் சமதளத்தில் 6 கி.மீ. வேகத்தில் 40 நிமிடம் நடந்தால் ஏறத்தாழ 175 கலோரிதான் செலவாகும். பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவும் இல்லை. 300 போய்விட்டது என்று நம்பிச் சாப்பாட்டில் தாராளமாக இருந்திருந்தால் எடை அசையாது.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். 3 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு இரண்டு கையையும் விட்டு, முழங்கையை மடக்கி, வெளியில் நடப்பதுபோல் வீசுங்கள். பார்வை நேராக இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் தள்ளாட்டம் வரும். நிமிடத்துக்கு 0.2 கி.மீ. வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். கை தானாகக் கம்பியைத் தேடும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து 0.3 கி.மீ. குறைத்தால் அதுதான் இன்றைக்கு உங்கள் வேகம். 4.4 என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். பிடித்து நடக்கும் 6-ஐவிடக் கையை விட்டு நடக்கும் 4.4 உடம்புக்கு நல்லது.

நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அதுவே போதுமான உழைப்பு. பாடவும் முடிகிறது என்றால் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அடுத்து சாய்வை, கடைசியாகத்தான் வேகத்தை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவையே ஆரம்பத்துக்குப் போதும்.

கைப்பிடி எதற்கு என்றால் ஏற, இறங்க, தடுமாறினால் பிடிக்க. தலைச்சுற்றல் அல்லது நிலைதடுமாற்றம் உள்ளவர்கள் மட்டும் இரண்டு விரலை லேசாகத் தொட்டு வைத்துக்கொள்ளலாம்.

வயது 46. போன மாதம் டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைச் சோதிப்பது) எடுத்ததில் 'நெகட்டிவ்' என்று வந்தது. எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன். இணையத்தில் பிரபலமான 12% சாய்வு, மணிக்கு 3 மைல் வேகம், 30 நிமிடம் என்ற பயிற்சியைத் தைரியமாகத் தொடங்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் பரிசோதனையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இங்கே பெரும்பாலான மருத்துவமனைகளில் செய்வது, சியாட்டில் நகரத்து இதயநோய் மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. முதல் மூன்று நிமிடம் 2.7 கி.மீ. வேகம், 10% சாய்வு. அடுத்த மூன்று நிமிடம் 4 கி.மீ., 12%. அதற்கடுத்து 5.5 கி.மீ., 14%. உங்களுக்கும் இந்த முறையில்தான் எடுத்திருந்தார்கள் என்றால், எட்டாவது நிமிடத்தில் நீங்கள் மூன்றாம் கட்டத்தின் நடுவில் இருந்திருப்பீர்கள்.

மணிக்கு 3 மைல் என்பது 4.8 கி.மீ. அதை 12% சாய்வில் நடப்பது இரண்டாம் கட்டத்தைவிடக் கடினம், மூன்றாம் கட்டத்துக்குக் கீழே. அருகில் மருத்துவரும் இ.சி.ஜி.யும் இருக்கையில் சில நிமிடம் தாங்கியதைத்தான் வீட்டில் தனியாக அரை மணி நேரம் இழுக்கப்போகிறீர்கள். அதுவும் தொடக்க நாளிலேயே. 'நெகட்டிவ்' என்றால் அன்றைக்கு எட்டிய உழைப்பில் இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்த அறிகுறி தென்படவில்லை என்பதே பொருள். எந்த உழைப்பையும் உடனே தாங்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இதயம் தாங்கினாலும் கெண்டைக்கால் தாங்காது. செங்குத்தான சாய்வில் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் கீழே இறங்கி, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாணை இழுத்துக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிய முதல் நான்கு அடியில் அதன் வலி தெரியும்.

இப்படித் தொடங்குங்கள்: சமதளத்தில் ஐந்து நிமிடம், பிறகு 4% சாய்வில் இரண்டு நிமிடம், சமதளத்தில் இரண்டு நிமிடம் என்று மாற்றி மாற்றி ஐந்து முறை, கடைசியில் மெதுவாக ஐந்து நிமிடம். வேகம் 4.5 கி.மீ. போதும். வாரத்துக்கு 1% மட்டும் ஏற்றுங்கள். இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 5 கி.மீ. வேகத்தில் சாய்வைப் பூஜ்யத்திலிருந்து 5%-க்கு உயர்த்தினாலே உழைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும்.

சாய்வில் நடக்கும்போது திரைக்கு மேலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நடப்பவர்கள் நிறைய. உடம்பு பெல்ட்டுக்குச் செங்குத்தாக நின்றுவிட்டால் ஏற்றத்தின் பலனில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. பிடிக்காமல் நடக்க முடியாத சாய்வு உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: பல இயந்திரங்களில் 'லெவல் 12' என்பது 12% அல்ல. கையேட்டில் பாருங்கள்.

நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி, கண் இருட்டுதல், இவற்றில் எது வந்தாலும் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கக் காத்திருக்காதீர்கள். நிறுத்தி இறங்கி உட்காருங்கள், அடங்காவிட்டால் 108.

பெல்ட் இடது பக்கமாக ஒதுங்கி ஓரத்தில் உரசுகிறது. கால் வைக்கும்போது ஒரு நொடி நின்று போகிறது. லேசாகக் கருகல் வாடை. தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர்.
— வாசகர், நாகர்கோவில்

தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். மற்ற இரண்டும் பெட்ரோலியச் சரக்கு, பெல்ட்டைக் கெடுக்கும். டிரெட்மில்லுக்கென்றே விற்கும் கலப்பில்லாத சிலிக்கோன் ஆயில் மட்டும்தான்.

உங்களுக்கு மூன்று கோளாறு, மூன்றுக்கும் மருந்து வேறு. வாடையிலிருந்து தொடங்குவோம், அதுதான் பணத்தை விழுங்கும். பெல்ட்டுக்கும் அடியிலிருக்கும் பலகைக்கும் நடுவே வழுவழுப்பு காய்ந்துவிட்டால் உராய்வு கூடும், மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், கட்டுப்பாட்டு போர்டு சூடாகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்றால் இதே காரணமாக இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, கால் மிதிபடும் நடுப்பகுதி வரை விரலை விடுங்கள். விரலில் மெலிதாக வழுவழுப்பு ஒட்டினால் எண்ணெய் இருக்கிறது. வறண்ட துணியைத் தொட்டதுபோல் இருந்தால் தீர்ந்துவிட்டது.

பஞ்சு நூல் உதிராத துணியை உள்ளே விட்டுப் பலகையைத் துடையுங்கள். ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லி, கோலத்தின் நெளிக்கோடுபோல் முன்னும் பின்னுமாக விடுங்கள். ஆளில்லாமல் 4 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடட்டும். அதிகம் விட்டால் பெல்ட் வழுக்கும், வெளியே கசிந்து தரையும் வழுக்கும். தினமும் அரை மணி நேரம் ஓடும் இயந்திரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் சோதனை செய்தால் போதும். சில பலகைகள் மெழுகு பூசியே வருகின்றன, அவற்றுக்கு எண்ணெய் கூடாது. கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அடுத்து ஒதுங்கல். இயந்திரத்தின் பின்கோடியில் இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட் இருக்கும், கூடவே கொடுத்த அலன் கீ அதற்குத்தான். ஆளில்லாமல் 4 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, திரையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வரும் போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்புங்கள். அவ்வளவுதான். ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள், பெல்ட் மெல்ல நடுவுக்கு நகரும். பொறுமையில்லாமல் முழுச் சுற்று திருப்பினால் வலப்பக்கம் போய் இடிக்கும். திருப்பும்போது தொங்கும் சட்டைக் கையோ தாலிச் சங்கிலியோ ரோலர் (பெல்ட்டைச் சுற்றவிடும் உருளை) பக்கம் போகக் கூடாது.

மூன்றாவது, ஒரு நொடி நிற்பது. எண்ணெய் விட்ட பிறகும் நிற்கிறதா? முன்பக்க மூடி அருகே ரோலரைக் கவனிக்க ஒருவரை வைத்து மெதுவாக நடந்து பாருங்கள். ரோலர் சுற்றிக்கொண்டே இருக்க பெல்ட் மட்டும் நின்றால் பெல்ட் தளர்வு: இரண்டு போல்ட்டையும் சமமாகக் கால் சுற்று இறுக்குங்கள். பெல்ட்டின் ஓரத்தை நடுப்பகுதியில் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. எழும்ப வேண்டும், அதைவிட இறுக்கினால் பேரிங் தேயும். ரோலரும் சேர்ந்து நின்று, மோட்டார் மட்டும் ஓடினால் கோளாறு உள்ளே மோட்டார் பெல்ட்டில். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சரிசெய்யும்வரை அதில் நடக்க வேண்டாம். நின்று போகும் பெல்ட்தான் ஆளைக் குப்புறத் தள்ளுகிறது.

ஹாலில் இடமில்லாததால் டிரெட்மில்லின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். பயமாக இருக்கிறது.
— வாசகி, திருச்சி

உங்கள் பயம் நியாயமானது. தயவுசெய்து இன்றைக்கே திருப்பிப் போடுங்கள். கால் தவறினால் பெல்ட் ஆளைப் பின்னால் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே உடம்பு சிக்கி, தோல் உரிந்துகொண்டே இருக்கும். பின்னால் 2 மீட்டர், பக்கவாட்டில் அரை மீட்டர் காலியிடம் வேண்டும். அறைக்கதவு உங்கள் கண்ணில் படும்படி நில்லுங்கள். முதுகுப் பக்கம் கதவு இருந்தால் குழந்தை வந்தது தெரியாது.

பெரும்பாலும் அடிபடுவது குழந்தையின் உள்ளங்கையும் விரல்களும். ஓடும் பெல்ட்டைத் தொட ஆசைப்படும், பின் ரோலரடியில் கை இழுபடும். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் தன் டிரெட்+ இயந்திரங்கள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. பின்பக்கத்தின் அடியில் குழந்தைகள் இழுக்கப்பட்டார்கள், ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது.

நீங்கள் நடக்கும் நேரம் பேரன் வேறொருவர் கையில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிவப்பு சேஃப்டி கீயைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். அந்தக் கீயின் கிளிப்பை நடக்கும்போது உங்கள் உடையில் மாட்டியிருக்கிறீர்களா? ஒருமுறை நீங்களே இழுத்து, பெல்ட் நிற்கிறதா என்று பாருங்கள். புடவை, நைட்டி, துப்பட்டா வேண்டாம். தொளதொளப்பில்லாத பேன்ட், கொண்டையாக முடிந்த தலைமுடி.

ஒருவேளை குழந்தையின் கை உரசிவிட்டால் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், நெய் எதுவும் பூசாதீர்கள். சின்னக் காயமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உராய்வுக் காயம் பார்ப்பதைவிட ஆழமாக இருக்கும், விரல் மடங்காமல் போகலாம்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். விடியற்காலை வெறும் வயிற்றில் நடக்கும்போது ஒருநாள் கை நடுங்கி வியர்த்தது.
— வாசகர், வேலூர்

அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம். ஓடும் பெல்ட்டின் மேல் அது நடந்தால் விழுந்துவிடுவீர்கள். ஏறுமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்து ஏறுங்கள். நடுக்கம் வந்தால் நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் மெதுவாக நடப்பது உங்களுக்கு இன்னும் பொருந்தும்.

வெறுங்காலில் ஏறாதீர்கள். ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துப் போடுங்கள், முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மெட்டோபுரோலால் வகை மாத்திரையும் உண்டு என்றால் திரையில் காட்டும் இதயத்துடிப்பை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. பேச முடிகிறதா என்பதே உங்களுக்கு அளவு.

நடக்கும்போது கரண்ட் போனால்? இன்வெர்ட்டரில் இணைக்கலாமா?
— வாசகி, திருவண்ணாமலை

வீட்டு இன்வெர்ட்டரில் வேண்டாம். மோட்டார் இழுக்கும் பாரம் அதற்கு அதிகம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. எர்த் சரியாக உள்ள தனி 15 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், உடம்பு நிற்காது. கைப்பிடி அந்த நொடிக்குத்தான். பிடித்துக்கொண்டு இரு ஓரப் படிகளிலும் காலை வைத்து இறங்கி, சுவிட்சை அணையுங்கள். அடுத்த முறையும் ஓரப் படிகளில் நின்றே ஓடவிட்டு, பெல்ட் மெதுவாக நகர்வதைப் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

கடையில் '4 எச்.பி. மோட்டார்' என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் நடக்க மட்டும்தான். என் எடை 92 கிலோ.
— வாசகர், சென்னை

அந்த 4 உச்சத் திறனாக இருக்கும். தொடர் திறன் எவ்வளவு என்று கேளுங்கள்; நடப்பவருக்கு 2 எச்.பி. போதும், ஓடுபவருக்கு 3 பக்கம் வேண்டும். எடை வரம்பு உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக, அதாவது 112-க்குக் குறையாமல் இருக்கட்டும். பெல்ட் 45 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் இருந்தால் நடக்க வசதி. வாங்குமுன் கடையிலேயே ஷூ போட்டுப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், கையை விட்டு.