மலை ஏறாமல், ஏரிக்கரையிலும் காட்டோரமாகவும் நடந்தே பழைய கோட்டைகளைப் பார்க்க வேலூர் பக்கம் எங்கே போகலாம்?

அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, படி ஏறுகிற வேலையே வேண்டாம், ஆனால் தண்ணீரும் மரமும் இடிந்த கோட்டையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஏலகிரி போங்க என்பார்கள், இல்லாவிட்டால் ஊருக்குக் கிழக்கே இருக்கிற மலைக்கோட்டைகளைக் கை காட்டுவார்கள். இரண்டும் உங்களுக்குச் சரிப்படாது. வடஆர்க்காட்டில் கோட்டை கட்டியவன் எவனாக இருந்தாலும் முதலில் தண்ணீரைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறான். அதனால் அகழி, ஆற்றங்கரை, ஏரிக்கரை என்று தண்ணீர் ஓரமாகவே போனால் நீங்கள் கேட்டதில் பெரும்பாலானது சமதரையிலேயே கிடைத்துவிடும்.

முதலில் வேலூர்க் கோட்டை. நடு ஊரில்தான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழே இருந்த சின்ன பொம்மு நாயக்கர் காலத்துக் கோட்டை, 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. இடிபாடு என்று இதைச் சொல்ல முடியாது, மதில் இன்னும் கம்பீரமாகத்தான் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் நேராக உள்ளே போய்க் கோயிலைப் பார்த்து, மியூசியத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். காலை ஆறு மணிக்கு, வெயில் வருவதற்கு முன்னால், பூங்காவை ஒட்டின பக்கமாக அகழியின் வெளிக்கரையில் நடக்க ஆரம்பியுங்கள். உள்ளூர்க்காரர்கள் வாக்கிங் வருகிற நேரம் என்பதால் துணைக்கு ஆள் இருக்கும், பயமில்லை. வெளி மதில் தாழ்வாகவும் அதற்குப் பின்னால் உள் மதில் உயரமாகவும், நடுநடுவே வட்டக் கொத்தளங்களோடு இருப்பது தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் புரியும். உள்ளே போய்விட்டால் அது வெறும் சுவர்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று. அதில் இரண்டாவது 1981லேயே பொய்யாகிவிட்டது, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி வைத்துவிட்டார்கள். 2021 நவம்பர் மழையில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது, அகழியும் நிரம்பிக் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது, ஆக மூன்றாவதும் போச்சு. ராஜா மட்டும்தான் பாக்கி. அதுவும் இலங்கையில் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து அடைத்து, அவர் 1832இல் இறந்தும் போனார். ஆற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவருடைய சமாதி இருக்கிறது. நேரம் இருந்தால் வண்டியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அங்கே நடப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை.

கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களை அவசரப்படாமல் பாருங்கள், அம்மா உட்காரவும் இடம் உண்டு. மதில் மேல் திறந்துவிட்டிருக்கிற பக்கம் சரிவாக ஏறிப் போகலாம். முடியாவிட்டால் அப்பா மட்டும் போகட்டும். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் மலை முகட்டில் கோட்டைச் சுவர்கள் தெரியும். சிவாஜியின் படை 1677-78இல் மாதக்கணக்கில் வேலூரை முற்றுகை போட்டபோது மராட்டியர்கள் கட்டிய சஜ்ரா, கோஜ்ரா கோட்டைகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. அவற்றைக் கீழே இருந்து பார்ப்பதே போதும் என்பது என் கருத்து, ஏறிப் போனால் முள்ளும் பாறையும்தான். அரசு மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆற்காடு, 25 கிலோமீட்டர். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, தகவல் கிடைத்து ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தானே, அந்தத் தூரம்தான் நீங்கள் போகப் போவது. அங்கே போனால் கோட்டை எங்கே என்று தேடாதீர்கள், நவாபுகளின் கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது. திப்பு 1783 வாக்கில் மதிலை இடித்துத் தள்ளினான் என்பார்கள், மிச்சத்தை ஊரே பிரித்துக்கொண்டது. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும் தனியாக நிற்கிறது. 1751இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையின் வாசல். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அம்மா கேட்கலாம். அப்போது கரையோரமாக மதில் மிச்சத்தைத் தேடிக்கொண்டே கொஞ்ச தூரம் நடங்கள், ஆற்றின் அகலத்தையும் பாருங்கள், எதற்காக இந்த இடத்துக்கு அத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்று புரிந்துவிடும். திரும்பும்போது மக்கன் பேடா வாங்காமல் வராதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஒன்றைப் பிய்த்து மூன்று பேர்.

ஏரிக்கரை நடைக்கு இந்தப் பக்கத்தில் காவேரிப்பாக்கத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆற்காட்டிலிருந்து வாலாஜா தாண்டி சென்னை நெடுஞ்சாலையிலேயே வந்துவிடும். பல்லவர் காலத்து ஏரி, கரை மட்டும் சுமார் எட்டு கிலோமீட்டர். 1850களில் வாலாஜா அருகே பாலாற்றில் அணைக்கட்டு கட்டினார்கள், அதிலிருந்து வருகிற வாய்க்கால்தான் ஏரிக்கு உயிர். எட்டு கிலோமீட்டரையும் நடக்கச் சொல்லவில்லை! மதகு வரை போய், அங்கே உட்கார்ந்து, திரும்பி வந்தால் போதும். ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர், இன்னொரு பக்கம் கீழே நெல்வயல், கரை மேல் பனையும் வேலமரமும். ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷமாக இருந்தால், தண்ணீர் வழிந்து ஓடுகிற கலங்கல் பக்கம் கூட்டம் தாங்காது, மீன் பிடிக்கிறவர்கள் பாதி, வேடிக்கை பார்க்கிறவர்கள் பாதி. கரை ஓரத்துப் புல்லில் கால் வைக்காதீர்கள், பாம்பு இருக்கும், நடுத்தடத்திலேயே போங்கள்.

இங்கே கோட்டை இல்லையே என்றால், பழைய கோயிலையாவது பார்க்க வண்டியை சோளிங்கர் பக்கமாகத் திருப்பி மகேந்திரவாடிக்குப் போய்விட்டு வரலாம். முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையில் குடைந்த பெருமாள் கோயில், 7ஆம் நூற்றாண்டு. மகேந்திர தடாகத்தின் கரையில் இதைக் குடைந்தேன் என்று கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறான். சின்னக் கோயில், பத்து நிமிஷம்தான் ஆகும்.

ஆனால் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, காடும் வேண்டும் இடிபாடும் வேண்டும் என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் படவேடு போங்கள். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், பழைய கணக்கில் வடஆர்க்காடு. கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போக வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரம், சுற்றிலும் வாழைத்தோட்டம், பக்கத்தில் கமண்டல நதி. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராயர்களின் தலைநகர் இது. விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து ஜெயித்த பிறகு மெல்ல மெல்லக் காடு ஏறிவிட்டது. இப்போது நடந்து போனால் ஒரு பக்கம் வாழை, இன்னொரு பக்கம் புதர், நடுவில் திடீரென்று ஒரு மதில் துண்டு, தள்ளி ஒரு கோயில். கைவிட்டுக் கிடந்த கோயில்கள் பலவற்றை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். யோகராமர் கோயிலை மட்டும் தவற விடாதீர்கள், வில் இல்லாமல் சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கிற ராமர், முன்னால் சுவடி படிக்கிற அனுமார். ராஜகம்பீரன் மலை மேலும் கோட்டை உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். ரேணுகாம்பாள் கோயிலில் ஆரம்பித்து ஊருக்குள்ளேயே கோயில் கோயிலாக நடந்தால் காலை முழுக்கப் போய்விடும், அப்புறம் செண்பகத்தோப்பு அணைக்கு வண்டியில் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம். ஆடி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போகாதீர்கள், நடப்பதற்கு இல்லை, நிற்பதற்கே இடம் கிடைக்காது.

அந்தப் பக்கம் போகிறவர்களிடம் பூசிமலைக்குப்பத்துக் கண்ணாடி மாளிகையைப் பற்றிச் சொல்லி ஆசை காட்டுவார்கள். ஆரணி ஜாகிர்தார்கள் காட்டுக்குள் கட்டிய மாளிகை, பாழடைந்து கிடக்கிறது, படத்தில் பார்த்தால் அப்படியே இழுக்கும். பெரியவர்களோடு போவதாக இருந்தால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. கூரையை நம்பி உள்ளே போகாதீர்கள், உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது.

எப்போது வருவது என்றால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், வெயிலும் அடங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலில் பெற்றோரை நடக்க வைக்காதீர்கள், உள்ளூர்க்காரர்களே பத்து மணிக்கு மேல் வீட்டை விட்டு வருவதில்லை.

வெறும் காடு மட்டும் போதும் என்றால் அமிர்தி இருக்கிறது, வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், சின்ன உயிரியல் பூங்கா, உள்ளே நல்ல மரநிழல். அருவி வரை நடக்கலாம், ஆனால் கடைசிக் கொஞ்ச தூரம் கல்லும் முள்ளுமாக இருக்கும், அம்மா பூங்காவிலேயே இருந்துகொள்ளட்டும். அவர் கையில் தின்பண்டப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அங்கத்திய குரங்குகளுக்குப் பெரியவர், சின்னவர் என்கிற மரியாதையெல்லாம் கிடையாது.