மலைக் குளிரில் ஃப்ரீசர் ஐஸ் உருகினால் ஃபிரிட்ஜை மாற்ற வேண்டுமா?

கோத்தகிரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் இருப்பது 14 வருடப் பழைய, 250 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். இரண்டு வருடங்களாக டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஃப்ரீசரில் ஐஸ் உருகிவிடுகிறது. கீழ் அறையில் பாலும் காய்கறியும் நன்றாகத்தான் இருக்கின்றன. பார்க்க வந்த மெக்கானிக், கேஸ் தீர்ந்துவிட்டது, கம்ப்ரசரையும் சேர்த்து மாற்ற 8,500 ரூபாய் ஆகும் என்கிறார். கடைக்காரரோ எக்ஸ்சேஞ்சில் 2,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நோய் என்ன என்பதை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் அதைக் கேட்கவில்லை. கேஸ் கசியும் ஃபிரிட்ஜ் பனிக்காலத்தில் கெட்டு, சித்திரை பிறந்ததும் தானாகக் குணமாகாது.

நடப்பது இதுதான். இந்த வகைப் பழைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் மோட்டாரை, அதாவது கம்ப்ரசரை, ஓடச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் கீழ் அறையில் இருக்கும் தெர்மோஸ்டாட். மேலே ஃப்ரீசரில் என்ன நிலவரம் என்பது அதற்குத் தெரியாது. தகரக் கூரை போட்ட பின்கட்டுச் சமையலறை உறைபனி இரவில் எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கும்போது, கீழ் அறை மோட்டாரின் தயவு இல்லாமலே குளிர்ந்து கிடக்கிறது. ஆகவே தெர்மோஸ்டாட் மோட்டாரைக் கூப்பிடுவதே இல்லை, மோட்டார் ஓடாததால் மேலே ஐஸ் மெல்ல உருகுகிறது. ஃபிரிட்ஜின் பின்புறமோ உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் 'என்', 'எஸ்டி', 'டி' என்று ஓர் எழுத்துக் குறி இருந்தால் பாருங்கள். இந்த மூன்றுமே சுற்றுப்புறம் 16 டிகிரிக்குக் குறையாத இடத்துக்காகச் செய்யப்பட்டவை. 'எஸ்என்' என்று இருந்தால் மட்டும் 10 டிகிரி வரை தாங்கும். நம் நாட்டில் ஃபிரிட்ஜ் செய்கிறவர்கள் சமவெளியின் வெயிலை நினைத்துத்தான் செய்கிறார்கள். நீலகிரியில் மனிதர் வசிப்பது அவர்கள் கணக்கில் வருவதாகத் தெரியவில்லை.

ஒரு காசு செலவில்லாமல் இதை நீங்களே சோதிக்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, கீழ் அறையின் நடுத்தட்டில் வையுங்கள். மேலே ஃப்ரீசரில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். சிறிது நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கும். காலையில் கிண்ணத்துத் தண்ணீர் கெட்டியாக உறைந்திருந்தால் கேஸும் சரி, கம்ப்ரசரும் சரி. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது, குளிர்காலம்தானே என்று குறைத்து வைத்த தெர்மோஸ்டாட் திருகைக் கூட்டி வைப்பதும், முடிந்தால் ஃபிரிட்ஜைப் பின்கட்டிலிருந்து ஆள் புழங்கும், கொஞ்சம் கதகதப்பான அறைக்கு நகர்த்துவதும்தான். உண்மையில் கேஸ் குறைந்த ஃபிரிட்ஜின் லட்சணம் இதற்கு நேர் எதிரானது: மோட்டார் ஓயாமல் ஓடும், ஆனாலும் குளிர் ஏறாது.

'கேஸ் தீர்ந்துவிட்டது' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ் அடுப்பு சிலிண்டரைப் போலத் தீர்ந்துபோகிற பொருள் அன்று. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்; ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுகிறவர், மூன்று மாதத்தில் மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வர வழி செய்துகொள்கிறார். எவ்வளவு கேஸ் என்பதும் கம்ப்ரசர் பக்கத்துத் தகட்டில் கிராமில் எழுதியிருக்கும். குன்னூரில் ஒரு வீட்டில், 110 கிராம் என்று தகடு சொன்ன ஃபிரிட்ஜுக்கு 'கேஸ் ஒரு கிலோ' என்று எழுதிய ரசீதை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஓட்டை அடைத்து, ஃபில்டர் மாற்றி, வேக்கம் இழுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் எடை போட்டு கேஸ் ஏற்றுகிறேன் என்று நான்கையும் சொல்லாதவரிடம் குழாயை வெட்டக் கொடுக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறேன் என்றால் முதலில் கம்ப்ரசரின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன கம்ப்ரசரே வெளியே வரும் என்பதற்கு வேறு உத்தரவாதம் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. தகட்டில் 'ஆர்-600ஏ' என்றோ, மஞ்சள் முக்கோணத்தில் தீப்பிழம்பு படமோ இருந்தால், உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் நெருங்கிய உறவு, எரியக்கூடியது. அளவு ஐம்பது கிராம் அளவில்தான் இருக்கும், வெறுமனே ஓடும்போது பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் குழாயில் கேஸ் மிச்சமிருக்கும்போதே, ஜன்னல் சாத்திய சமையலறையில் குழாயை ஒட்டும் தீ டார்ச்சைக் கொளுத்துபவர் விபரீதத்தை வரவழைக்கிறார். மலையில் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. இந்தக் கேஸ் கையில் இல்லை என்பதற்காக 'ஆர்-134ஏ' என்ற வேறு கேஸை ஏற்றிச் சமாளிப்பதும் தவறு. இரண்டுக்கும் கம்ப்ரசர் வேறு, உள்ளே இருக்கும் எண்ணெய் வேறு. ஆகவே வருகிறவரிடம் முதல் கேள்வியாக, "இதில் எந்தக் கேஸ்?" என்று கேளுங்கள். தகட்டைப் பார்க்காமலே பதில் சொல்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸைக் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிடலாம். எங்கோ ஒரு ஊரில் போனை எடுப்பவருக்குக் கோத்தகிரி கோயம்புத்தூரின் ஒரு வார்டு. நான்கு நாள் கழித்து வருபவர் வந்ததற்கே ஒரு தொகை வாங்கிக்கொண்டு, பார்ட் வரவேண்டும் என்று இறங்கிப் போய்விடுவார். 'பத்து வருட வாரண்டி' என்பதும் பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற இரும்புக் குண்டுக்கு மட்டும்தான். கேஸ், கூலி, போக்குவரத்து எல்லாம் தனி. உங்களுக்கு அதுவும் முடிந்துவிட்டது.

வெயில் காலத்திலும் இதே தொல்லை வந்தால் அப்போது கதை வேறு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு மோட்டார் ஓடாவிட்டால், முதலில் கரண்ட் அழுத்தத்தைப் பாருங்கள். பிறகு மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே, சூடேறினால் அதை நிறுத்தும் ஓவர்லோட் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். கம்ப்ரசரே போயிருந்தாலோ, சுவரின் ஃபோமுக்குள் புதைந்த குழாயில் ஓட்டை என்றாலோ, 14 வருட ஃபிரிட்ஜில் 8,500 ரூபாயைப் போடாதீர்கள்; அந்தப் பணத்தைப் புதியதில் சேருங்கள். அப்போதும் கடைக்காரர் காட்டும் மின்சார மிச்சக் கணக்கை அப்படியே நம்பவேண்டாம், அது ஈரோட்டு வெயிலுக்குப் பொருந்தும். பாதி வருடம் மோட்டார் தூங்கும் கோத்தகிரி வீட்டில் மிச்சமாவது அதைவிடக் குறைவு. அந்த 2,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் தொகையைக் கழிக்காமல் ரொக்க விலை என்ன என்று இன்னொரு கடையில் கேட்டுப் பாருங்கள். பல சமயம் அதுவும், எக்ஸ்சேஞ்ச் கழித்து இவர் சொல்லும் விலையும் ஒன்றாகவே இருக்கும்.

வாங்கினால் 'எஸ்என்' என்ற எழுத்து உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்; 'எஸ்என்-டி' என்று சேர்த்துப் போட்டிருந்தாலும் சரியே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வரும்போது வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிய ஆட்டத்தில் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். இறக்கியவர் டெமோ காட்ட எவ்வளவு அவசரப்பட்டாலும், நிமிர்த்தி வைத்து மறுநாள் காலையில் பிளக்கைச் செருகுங்கள்.